உன் ஆம்ப்பைக் கருக்கியவள் எழுதுவது

பிரபு,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி வலி பழையபடிதான், மாத்திரை போடுகிறேன். உன் அப்பாவும் நன்றாக இருக்கிறார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மா கடிதம் எழுதியிருக்கிறாள் என்றதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பாய். தினமும் போனில் அரை மணி நேரம் கத்துகிறவள் எதற்காகக் காகிதம் வாங்கி எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். நீ பேசினால் நான் கத்துவேன். நான் கத்தினால் சொல்ல வந்த விஷயம் எங்கேயோ போய்விடும். முப்பது வருடமாக நமக்குள் இதுதானே நடக்கிறது? இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். அதற்குள் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். உன் அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி நடித்துக்கொண்டு நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார். பார்க்கட்டும், அவருக்கும் இது புதுச் செய்திதான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீணா பத்திரிகைகளுக்குப் பெயர் எழுத வீட்டுக்கு வந்தாள் அல்லவா? உன் வருங்கால மனைவிக்குத் தமிழ் சுமார், எனக்குக் கன்னடம் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. இரண்டையும் கலந்து நாங்கள் பேசியதில் பாதி சிரிப்பாகவே போயிற்று. பசை டப்பாவைத் தேடி அலமாரியின் கீழ் அறையைத் திறந்தவள் ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாள். நம் மர்பி டவுன் வீட்டு வாசலில் நீயும் இன்பாவும் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்கிறீர்கள். கேரியரில் அந்தக் கறுப்புப் பெட்டி, உன் வால்வு ஆம்ப்ளிஃபயர், கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. "அத்தே, இவர் எவ்ளோ ஒல்லி!" என்று உன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவன்மேல் விரலை வைத்து, "இது யாரு?" என்றாள். "இன்பராஜ். இன்பா" என்றேன். "ஃப்ரெண்டா? ரொம்ப க்ளோஸ் மாதிரி இருக்கு. லிஸ்ட்ல பேரே இல்லையே அத்தே?" நம் தெருவுக்குத் தண்ணீர் விடுகிறவர் பெயர்கூட இருக்கிற லிஸ்டில் அவன் பெயர் இல்லை. "அவன் ஊர்ல இல்லம்மா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவள் அடுத்த பத்திரிகையை எடுத்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த ஆம்ப் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற காக்ஸ் டவுன் கிழவர் ஒருவர் வீட்டுச் சாமானை எல்லாம் விற்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் காலையில் ஓடினீர்கள். மத்தியானம் சைக்கிளில் இதைத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். கேஸ் சிலிண்டர் கனம் கனத்தது. உள்ளே தூக்கி வைத்து, பிளக்கைச் செருகி, அந்த வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லச் சிவப்பதை இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தீர்கள். உனக்கு கிடார், அவனுக்கு பேஸ் கிடார். சர்ச் கொயரில் ஆரம்பித்த கூட்டு அது. அவன் அம்மா இறந்த பிறகு பாதி நாள் நம் வீட்டில்தான் சாப்பாடு. அவனுக்கு ரசம் ஊற்றிய கை இது. அவன் பரிமாறச் சொல்லிக் கேட்கவே மாட்டான், தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவான், அவ்வளவுதான்.

பிரச்சினை சத்தத்தில் ஆரம்பித்தது. லைன் வீடு, நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நூர்ஜஹான், அப்போதுதான் பிள்ளை பெற்று வந்திருந்தாள். "குறைச்சு வைடா" என்பேன். குறைப்பாய். இரண்டு நிமிடத்தில் மறுபடி ஏறும். "ஏன்டா, அந்தத் திருகு எதுக்குடா இருக்கு? திருப்பினா குறையாதா?" என்று கத்தினால் நீ தலையில் கை வைத்துக்கொள்வாய். "அம்மா, குறைச்சா சத்தம் மட்டும் குறையலம்மா, அதோட குரலே போயிடுது. ஏழு எட்டுல வெச்சாத்தான் வால்வு சூடேறிப் பாடும். ரெண்டுல வெச்சா சளி புடிச்ச ரேடியோ." எனக்கு அது நீ அடித்த சாக்காகத்தான் பட்டது. டெலிபோன் சாமான் செய்கிற ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் காயில் சுற்றியவள் நான். எனக்கா கரண்ட் பாடம் நடத்துகிறாய் என்கிற கோபம் வேறு. நீ சொன்னது முழுக்க உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன், அதை ஒப்புக்கொள்ள மட்டும் பதினோரு வருடம் ஆகிறது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அடுத்த வாரக் கடைசியில் உங்கள் பேண்டுக்கு முதல் கச்சேரி. கல்லூரி மைதானத்தில், மேடை போட்டு, பெயர் அச்சடித்து. எனக்கு செகண்ட் ஷிப்ட், அதனால் காலையில் வீட்டில் இருந்தேன். பதினோரு மணிக்கு நூர்ஜஹான் கதவருகே வந்து நின்றாள். அவள் சண்டைக்காரி இல்லை. "அக்கா, பச்சாக்கு ராத்திரி எல்லாம் ஜுரம். இப்பதான் கண்ணு மூடுச்சு" என்றாள், அவ்வளவுதான். அவள் கண்ணே தூங்கி இரண்டு நாள் ஆன மாதிரி இருந்தது. நான் உள்ளே போனால் நீ கிடார் கம்பி வாங்கக் கடைக்குப் போயிருந்தாய், இன்பா பின்னால் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஆம்ப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வால்வு சூடாக நேரம் ஆகும் என்று நீ அதை அணைக்கவே மாட்டாய். திரும்பி வந்தால் மறுபடி ஆரம்பிப்பீர்கள், நான் கத்துவேன், குழந்தை என் சத்தத்திலேயே எழுந்துவிடும். பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். ஸ்பீக்கருக்குப் போகிற வயரின் ஜாக்கைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அதை அப்படியே தொங்கவிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டேன்.

வேலை தெரிந்தவள்தானே, இதுகூடத் தெரியாதா என்று நீ கேட்பாய். வேலை தெரிந்ததால்தான் அந்தத் தப்பைச் செய்தேன் பிரபு. நான் சுற்றுவது பவர் டிரான்ஸ்பார்மர். அதில் லோடை, அதாவது கரண்டை வாங்கிக்கொள்கிற சாமானைப் பிடுங்கினால் அது பாட்டுக்கு ஓய்வெடுக்கும், ஒன்றும் ஆகாது. ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். வால்வு ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் நேர் எதிர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஸ்பீக்கர் இல்லாமல் அதை வாசித்தால், போக வழியில்லாத வோல்டேஜ் ஏறி ஏறிக் காயிலுக்குள்ளேயே பொறி தட்டும். தெரியாதவளாக இருந்திருந்தால் பயந்து தொட்டிருக்கவே மாட்டேன்.

இன்பா வந்து உன் கிடாரை மாட்டிக்கொண்டு வாசித்தான். சத்தம் வரவில்லை. திருகைக் கொஞ்சம் ஏற்றினான். வரவில்லை. முழுக்க ஏற்றி ஓங்கி ஒரு அடி அடித்தான். எனக்கு அடுப்படியில் வாசனை வந்தது. வார்னிஷும் காகிதமும் தாமிரமும் சேர்ந்து கருகும் அந்த நாற்றம் எனக்கு ஃபேக்டரியில் பழகியது, தூக்கத்தில் வந்தாலும் சொல்லிவிடுவேன். கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். கதவருகே நான் வரவும் வாசல் வழியாக நீ வரவும் சரியாக இருந்தது. இன்பா பெட்டிக்குப் பின்னால் குனிந்து என்னவோ பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. நீ பார்த்தது இரண்டே இரண்டு விஷயம். அவன் தோளில் உன் கிடார், பத்தில் நிற்கிற திருகு.

நீ சொன்ன வார்த்தையை இங்கே எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதத்தான் வேண்டும். "உங்கப்பன் மாதிரிதான்டா நீயும். கை வெச்சதெல்லாம் நாசம்" என்றாய். குடித்துக் குடித்து வேலையை, வீட்டை, கடைசியில் பெண்டாட்டியையும் தொலைத்த மனிதரின் பிள்ளையிடம் அதைச் சொன்னாய். அவன் கிடாரைக் கழற்றி, சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்தான். என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நீ பத்தொன்பது வயதுப் பிள்ளை, ஆத்திரத்தில் கத்திவிட்டாய். நாற்பது தாண்டிய நான் அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். தெருக்குழாயில் ஒருத்தி குடத்தை முன்னால் வைத்துவிட்டால் உல்சூர் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்துகிற வாய், அன்றைக்கு மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் போன பிறகு பெட்டியின் பின்னால் பார்த்தேன். ஜாக் அதன் ஓட்டையில் ஒழுங்காகச் செருகியிருந்தது! நான் பிடுங்கினேனா, பிடுங்குவதாக நினைத்தேனா என்று எனக்கே குழம்பிவிட்டது. அந்தக் குழப்பம் எனக்கு வசதியாகவும் இருந்தது. மறுநாள் ஃபேக்டரியில் டெஸ்டிங் செக்‌ஷன் மூர்த்தி சாரிடம், தெரிந்தவர் வீட்டில் என்று ஆரம்பித்துக் கேட்டேன். "அய்யோ, வால்வ் செட்டுக்கு லோட் தெகிபார்தம்மா!" என்று, லோடைக் கழற்றவே கூடாதென்று அவர் கன்னடத்தில் அலறியதில் குழப்பம் தெளிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான ஒன்பது நாள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். கருகிய டிரான்ஸ்பார்மரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தகடுகளை ஒவ்வொன்றாக நீ பிரித்தாய். கம்பியை நான் அவிழ்க்க அவிழ்க்க நீ சுற்றுகளை எண்ணினாய். ஆயிரத்துச் சொச்சத்தில் கொட்டாவி விட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டு, திட்டு வாங்கி, மறுபடி முந்தின அடுக்கிலிருந்து கணக்குப் போட்டோம். கருகிப்போன பகுதிக்கு மூர்த்தி சார் கணக்குப் போட்டுக் கொடுத்தார். எஸ்.பி. ரோடு போய்த் தலைமுடி கனத்தில் கம்பி வாங்கி வந்தாய். உல்சூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கைச்சக்கரத்தை இரவல் கேட்டபோது அந்த ஆள், "அம்மா, இது ஆம்பளைங்களே கட்ட மாட்டாங்க" என்றான். "அதனாலதான் நான் கட்டுறேன், குடு" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் அவன் சக்கரத்தைக் கொடுத்துவிட்டான். காலையில் எழுந்து சமைத்துவிட்டு, ஷிப்டுக்குப் போகிற வரைக்கும் சுற்றல். பிரியாணி அடுக்குகிற மாதிரி மெல்லிய கம்பி ஒரு அடுக்கு, காகிதம், தடித்த கம்பி ஒரு அடுக்கு, காகிதம். நீ பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு இட்லி ஊட்டினாய், கையை எடுத்தால் கம்பி தளர்ந்துவிடும் என்று. வார்னிஷில் முக்கி, பிஸ்கட் டின்னுக்குள் நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு இரண்டு நாள் காய வைத்தோம்.

திரும்ப மாட்டி, முதல் தடவை நீ கம்பியைத் தட்டினபோது வந்த சத்தம்! பழைய சத்தத்தைவிட நன்றாக இருக்கிறது என்று நீ சொன்னாய். அது பொய்யாக இருக்கலாம், ஆனால் என்னைத் தூக்கிச் சுற்றினாயே, அது பொய் இல்லை. தெரு முழுக்க, "எங்க அம்மா கட்டின டிரான்ஸ்பார்மர்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். அப்போது கோலாரில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கிய உன் அப்பாவை வீட்டுக்குள் நுழையவிடாமல் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாய். கச்சேரிக்கு நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன், மைதானத்தில் இருந்த ஒரே பட்டுப்புடவை அதுதான். நீ மேடையிலிருந்து மைக்கில், "இந்த சவுண்ட் எங்க அம்மா கையால பண்ணது" என்றபோது எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மேடையில் பேஸ் வாசித்தவன் யாரோ புதுப் பையன், அவன் தாளத்தில் பின்தங்கிக்கொண்டே இருந்தான். எனக்கே தெரிந்தது என்றால் உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அன்று உன்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் கைதட்டல் என்ன ஆகியிருக்கும்? கருக்கியவளே கட்டிக் கொடுத்தாள் என்றால் அதில் என்ன பெருமை? நீ என்னை அப்படிப் பார்த்ததை இழக்க மனம் வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

வாயைத் திறக்க முடியாதவள் கையை வைத்து ஏதோ செய்து பார்த்தேன். நீ போன வாரம் போனில் கேட்டாயே, "அம்மா, அந்த டிபன் பாக்ஸைக் கொடுத்தனுப்பு, இங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல இருந்து சத்தத்துக்காக மூணாவது நோட்டீஸ் வந்திருக்கு" என்று, அந்த டிபன் பாக்ஸ் பிறந்த கதை அதுதான். இனி யாருக்கும் அந்த வயரைப் பிடுங்கவேண்டிய அவசியமே வரக்கூடாது என்று நினைத்தேன். மூர்த்தி சார்தான் வழி சொன்னார். டெஸ்டிங்கில் அவர்கள் ஸ்பீக்கருக்குப் பதில் ஒரு கம்பிச் சுருளை மாட்டுவார்களாம். ஆம்ப் தன் முழு பலத்தோடு வேலை செய்யும். அந்த பலத்தையெல்லாம் சுருள் வாங்கிச் சூடாக்கி வெளியே விட்டுவிடும். அதில் ஒரு துளியை மட்டும் ஸ்பீக்கருக்கு விட்டால் எட்டில் வைத்த குரல் வரும், இரண்டில் வைத்த சத்தம்தான் கேட்கும். பவர் அட்டெனுவேட்டர் என்று அவர் சொன்ன பெயர் நம் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. ஹாட்பிளேட்டின் ஹீட்டர் காயிலை வாங்கி, ஸ்பீக்கருக்குச் சமமாக எட்டு ஓம் கணக்குக்கு அளந்து வெட்டி, பீங்கான் துண்டுகளில் சுற்றி, மூன்று படி சுவிட்ச் ஒன்று வைத்து, ஃபேக்டரிக்கு நான் சோறு கொண்டுபோன அலுமினிய டப்பாவில் ஓட்டை போட்டு அடைத்தேன். நீ ஆம்ப்பை எட்டில் வைத்துப் பயந்து பயந்து ஒரு தந்தியைத் தட்டினாய். டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுக்கு, ஆனால் மேடையில் கேட்ட அதே குரல். "அம்மா, பாடுதும்மா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாய். கால் மணி நேரம் கழித்து நூர்ஜஹான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "ஏன்க்கா, தம்பி மிஷின் கெட்டுப்போச்சா? சத்தமே காணோம்" என்று வருத்தத்தோடு விசாரித்தாள். குழந்தை உன் கிடாரைப் பார்த்துக் கையை நீட்டியது. உன் அப்பா ஆறிப்போன டீ கிளாஸை டப்பாமேல் வைத்துச் சூடாக்கிக் குடித்தார்.

டப்பா வருகிறது. இரண்டு விஷயம் கவனி. மரப் பலகைமேல் வைக்காதே, மேலே துணியைப் போட்டு மூடாதே. வெளியே சத்தம் குறைந்துவிட்டது என்று ஆம்ப்புக்கு ஓய்வு கிடைத்ததாக நினைக்காதே. உள்ளே வால்வு அதே எட்டில்தான் எரிந்துகொண்டிருக்கும், சீக்கிரம் தேயும், அடிக்கடி பார்த்து மாற்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி இதுதான். வீணா என்னைப் போலக் கத்துகிறவள் இல்லை. அவள் பேசாமல் இருக்கிற நாளில், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நீயாக முடிவு கட்டாதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேள். அவளுக்காக உன் கிடாரை இரண்டில் வைத்து வாசிக்கவும் வேண்டாம், அப்படி வாசித்தால் உன் மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த மூஞ்சியை அவளால் சகிக்க முடியாது. தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. என்னை மாதிரி அதற்குப் பதிலாக ஒரு டப்பா செய்து கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதே. டப்பா நன்றாக வேலை செய்யும். சொல்லாதது சொல்லாததாகவே இருக்கும்.

திங்கட்கிழமை காலையில் பஸ் பிடித்து ஒக்கலிபுரம் போனேன். இன்பா அங்கேதான் இருக்கிறான், ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. விசாரித்துக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும் என்று நினைத்தேன். பேஸ் வாசிக்கிற இன்பராஜ் என்றதும் முதல் கடையிலேயே கை காட்டிவிட்டார்கள். கதவைத் திறந்தது அவனேதான். நெற்றி ஏறிவிட்டது, தொப்பை போட்டிருக்கிறான். "ஆண்ட்டி... உள்ள வாங்க" என்றான். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று. "இன்பா, அன்னைக்கு அந்த வயரைப் புடுங்கினது நான்தான்டா. ஆம்ப்பைக் கருக்கினது நான்தான். நீ இல்ல."

அவன் டீ போட அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். திரும்பாமலேயே, "தெரியும் ஆண்ட்டி" என்றான்.

"என்னடா தெரியும்?"

"புகை வந்ததும் பின்னாடி குனிஞ்சு பாத்தேன். ஜாக் வெளிய தொங்குச்சு. நான்தான் திரும்பச் சொருகினேன். நிமிந்தா நீங்க கதவுகிட்ட நிக்கிறீங்க. வெங்காயம் நறுக்கின கையோட. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏன்டா சொல்லல?" என்று எப்படியோ கேட்டேன்.

"சொன்னா அவன் உங்கள இல்ல கத்தியிருப்பான்? நான் ரெண்டு நாள் பொறுத்தா அவனே வந்துடுவான்னு நெனச்சேன். வரல. பரவால்ல ஆண்ட்டி, அழாதீங்க. எங்கம்மா போனப்புறம் எனக்குச் சோறு போட்டது நீங்க."

அழுதுகொண்டே அவனைத் திட்டினேன். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லாம இருந்தியே, உனக்கு இன்னா நெஞ்சு கல்லா என்று. திட்டினதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்பதான் ஆண்ட்டி மாதிரி இருக்கீங்க" என்றான். பிறகு டீயை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னான். "ஆனா ஒண்ணு ஆண்ட்டி. ஆம்ப் விஷயம் உங்களோடது. அது இன்னியோட முடிஞ்சுது. எங்கப்பாவ இழுத்துப் பேசினான் பாருங்க, அது அவனோடது. அத நீங்க வந்து சொல்லித் தீர்க்க முடியாது." அவன் சொன்னது நியாயம். என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கை நான் சொல்ல முடியாது.

கிளம்பும்போது, "அவன் இன்னும் வாசிக்கிறானா?" என்று கேட்டான். வைட்ஃபீல்டில் பெரிய பெரிய அபார்ட்மெண்டாகக் கட்டிவைத்து மனிதனை ஒரு பாட்டு வாசிக்க விடமாட்டேன் என்கிறார்கள், மூன்று நோட்டீஸ் வந்துவிட்டது என்றேன். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான், பழைய இன்பா. "எந்த பிளாக் ஆண்ட்டி?" என்றான்.

அதனால்தான் இதை நான் தபாலில் போடவில்லை. உன் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி உனக்குக் கொடுத்தனுப்பினாரே, டப்பாவையும் இந்தக் கடிதத்தையும், அவரிடம் அதைக் கொடுத்தது இன்பாதான். உன் வீட்டுக்கு மேலே ஏறி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். படித்து முடிக்கிற வரைக்கும் கீழே நிற்கிறேன், அவனாக இறங்கி வந்தால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் பஸ் பிடித்துப் போய்விடுகிறேன் என்றான். "அவன் மெதுவாப் படிப்பான்டா, அரை மணி நேரமாவது நில்லு" என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். பெயர் எழுதாத பத்திரிகை ஒன்று உறைக்குள் இருக்கிறது. பேனா எடுத்துக்கொண்டு போ. லிஃப்டுக்காக நிற்காதே, படியில் இறங்கு.

உன் அம்மா